தம்புரான் கேட்ட கேள்வி: வம்புக்காரரை எதிர்கொள்வது பற்றி எல்லை மண்ணிலிருந்து சில சிந்தனைகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர் கேட்டபோது, “வழக்கம்போல வில்லுப்பாட்டு பற்றி எழுதிக் கொடுத்திடுங்க சார்” என்றார். வில்லுப்பாட்டும் இதில் வரும். ஆனால் சென்ற ஆண்டு நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நடந்த ஒரு விஷயம் என் மனதை விட்டு அகலவில்லை. அதைத் தொடாமல் வேறு எதை எழுதினாலும் ஒப்பேற்றுவதாகத்தான் இருக்கும்.

நம் உறுப்பினர் ஒருவருடைய மகள், இப்போதுதான் வேலைக்குப் போகத் தொடங்கியவள், தன் பாட்டி சொன்ன ஒரு கதையைப் பதிவு செய்து குழுவில் போட்டாள். பாட்டிக்குச் சொந்த ஊர் நெய்யாற்றின்கரைப் பக்கம். கதையில் “அவன் பறஞ்சான்”, “இச்சிரி வெள்ளம் தா மக்களே” என்றெல்லாம் வரும். உடனே ஒருவர், “இது தமிழ்ச் சங்கமா, மலையாளி சமாஜமா?” என்று கேட்டார். மறுநாள் அந்தப் பாட்டியின் குரலைப் போலவே பேசி ஒரு கேலிப் பதிவு வந்தது. பிறகு இன்னும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள்.

நான் பாறசாலைக்குப் பக்கத்து எல்லைக் கிராமத்தில் பிறந்தவன். கோபம் வராமல் இருக்குமா? ‘பறைதல்’ என்றால் சொல்லுதல், அது நல்ல தமிழ்ச் சொல் என்று ஆரம்பித்து, 11 நாட்களில் அவருக்கு 43 பதில்கள் எழுதினேன். பின்னால் எண்ணிப் பார்த்ததால் தொகை தெரியும். ஒவ்வொன்றிலும் நான்தான் ஜெயித்தேன். 12ஆம் நாள் பார்த்தால் அந்தப் பெண் குழுவில் இல்லை. அவள் அப்பாவும் இல்லை. எப்போது போனார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து நம் பெரியவர்கள் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பழைய நூல்களையும் பழைய நினைவுகளையும் புரட்டிப் பார்த்தேன். அதன் பலன்தான் இந்தக் கட்டுரை.

வம்பு என்ற சொல்

கேரளத்தில் ‘ட்ரோல்’ என்ற சொல் இன்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அங்கே அதற்குப் பொருள், சினிமாக் காட்சி ஒன்றை எடுத்து அதில் அரசியல்வாதியையோ நடிகரையோ கிண்டல் செய்யும் படம். அது பெரும்பாலும் நல்ல நகைச்சுவை. ஆங்கிலத்தில் ட்ரோலிங் என்றால், ஓடும் படகிலிருந்து தூண்டிலைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டே போவது என்றும் ஒரு பொருள் உண்டு. எந்த மீன் கடிக்கும் என்று தெரியாது. ஏதாவது ஒன்று கடிக்கும். நமக்கு இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. ‘வம்புக்கு இழுப்பது’ என்று என்றைக்கோ சொல்லிவைத்திருக்கிறோம். இழுப்பவனுக்கு விஷயம் முக்கியமில்லை. நாம் போய் மாட்ட வேண்டும், அவ்வளவுதான். எங்கள் ஊர்ப் பேச்சில் கேலி செய்வதற்குக் ‘களியாக்குதல்’ என்று பெயர். என் பாட்டா சொல்வார்: “அவன் களியாக்குதான். நீ கேக்காண்டாம், வேலையைப் பாரு.”

எல்லைக்காரர்களுக்கு இது பழகின விஷயம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட நெய்யாற்றின்கரை, கேரளத்தோடு நின்றுவிட்டது. அதனால் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் ‘பாண்டி’ என்று பெயர். களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம் கடைவீதிக்குப் போனால் ‘மலையாளத்தான்’ என்று பெயர். இரண்டு பக்கமும் வாங்கின அடி இது. அப்படிப்பட்ட நாங்கள்தான் வம்புக்காரனை எதிர்கொள்ளும் வழி அறிந்திருக்க வேண்டும். எங்கள் மண்ணின் கலை அதை அறிந்துதான் இருந்தது, நான்தான் மறந்துவிட்டேன்.

இருட்டில் இருக்கும் தம்புரான்

திருவனந்தபுரம், நெய்யாற்றின்கரை வட்டாரங்களில் ஆடப்பட்டுவந்த காக்காரிசி நாடகம் தமிழும் மலையாளமும் கலந்த ஒரு கூத்து. சிவனும் பார்வதியும் காக்கானும் காக்காத்தியுமாக, குறி சொல்லிப் பிழைக்கும் நாடோடிகளாக வருவதாகக் கதை. நான் சிறுவயதில் பார்த்த ஆட்டம் இன்னும் கண்ணில் நிற்கிறது. காக்கான் கையில் பந்தத்தோடு கூட்டத்துக்குள்ளிருந்து வருவான். விளக்கைச் சுற்றி ஆடுவான். அப்போது பார்வையாளர் பக்கமிருந்து ஒரு அதிகாரக் குரல் கேட்கும். அது தம்புரானின் குரல். நீ யார், எந்த ஊர், எதற்கு இங்கே வந்தாய் என்று துளைத்தெடுக்கும்.

இந்தக் கேள்விகளைப் பாருங்கள். வெளிமாநிலத்தில் வாழும் நம் எல்லோரையும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் யாராவது கேட்ட கேள்விகள்தான் இவை. கேட்பவன் நிலமுள்ளவன், பதில் சொல்பவன் நாடோடி. கேட்பவன் இருட்டில் இருக்கிறான், பதில் சொல்பவன் வெளிச்சத்தில் நிற்கிறான். ஆனாலும் சிரிப்பும் கைதட்டலும் காக்கானுக்குத்தான் கிடைக்கின்றன. தம்புரானின் கேள்வியையே திருப்பிப் போட்டு ஊர் நடப்பையெல்லாம் கிழித்துவிடுவான்.

இதை வெறும் நகைச்சுவைக் கூத்து என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. குறுக்கே பேசுபவனை வைத்தே ஒரு நாடகத்தைக் கட்டியிருக்கிறார்கள் என்றால் அதில் ஒரு யோசனை இருக்கிறது. தம்புரானுக்கு ஓர் இடம் உண்டு, அவரைத் துரத்துவதில்லை. ஆனால் பாட்டு தொடங்கிவிட்டால் அவர் குரல் கேட்காது. கதை நடந்துகொண்டே போகும். முக்கியமாக, காக்கான் பதில் சொல்வது தம்புரானைத் திருத்துவதற்காக அல்ல. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஊருக்காக. அந்த இரவு தம்புரானுடைய இரவாக மாறிவிட யாரும் விடுவதில்லை.

நான் 43 பதில் எழுதியபோது அந்த 11 நாட்களையும் தம்புரானுக்குப் பட்டா போட்டுக் கொடுத்துவிட்டேன்.

முன்னால் சொல்லிவைப்பது

வில்லுப்பாட்டுக்கு வருகிறேன். காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டுவளம், கதை, வாழ்த்து என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. இதில் அவையடக்கத்தை இன்று பலர் சடங்காகப் பாடி முடித்துவிடுகிறார்கள். ஆனால் இது பழைய விஷயம்; தொல்காப்பியச் செய்யுளியலிலேயே ‘அவையடக்கியல்’ பேசப்படுகிறது. கம்பரும் தம்முடைய காவியத்தின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடியிருக்கிறார்.

பாடுபவர் தம்மைத் தாழ்த்திக்கொள்வது மட்டும்தான் அவையடக்கம் என்று நினைக்கிறோம். அது ஓர் ஒப்பந்தமும்கூட என்பது என் கருத்து. ‘என் பாட்டில் குற்றம் இருக்கலாம், பொறுத்துக் கேளுங்கள்’ என்று பாடுபவர் சொல்லிவிட்டால், பொறுத்துக் கேட்கும் கடமை அவைக்கு வந்துவிடுகிறது. இது கதை தொடங்கும் முன்னால் நடப்பது. சண்டை வந்த பிறகு விதி போட்டால் அது ஒருவருக்கு எதிராகப் போட்ட விதி போலத்தான் தெரியும்.

இதை மிக நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர் ஸ்ரீ நாராயண குரு. தமிழில் பதிகங்கள் பாடியவர், திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் பெயர்த்தவர் என்ற வகையில் நமக்கும் உரியவர். 1924ஆம் ஆண்டு மார்ச்சில் ஆலுவா அத்வைதாசிரமத்தில் அவர் சர்வமத மாநாடு கூட்டினார். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த சதாசிவ ஐயர் தலைமை வகித்தார். பல மதத்தாரும் ஒரே பந்தலில் பேச வேண்டும். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்? குரு வாசலிலேயே ஓர் அறிவிப்பு எழுதிவைக்கச் செய்தார். இது வாதாடி ஜெயிப்பதற்கான கூட்டம் அல்ல, அறிவதற்கும் அறிவிப்பதற்குமான கூட்டம் என்பது அதன் சாரம். உள்ளே நுழையும் முன்பே எல்லோரும் படித்துவிடுகிறார்கள். இதைவிடச் சுருக்கமான சபை விதியை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு பதில்

அதே குரு, அதற்கு 36 ஆண்டுகள் முன்னால், 1888இல், நெய்யாற்றின்கரைக்குப் பக்கத்தில் அருவிப்புறத்தில் நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாகப் பிரதிஷ்டை செய்தார். பிராமணர் அல்லாதவர், அதுவும் ஈழவர், பிரதிஷ்டை செய்யலாமா என்று கேட்டு வந்தவர்களுக்கு, தாம் வைத்தது ஈழவச் சிவனைத்தான் என்று அவர் சொன்னதாக எங்கள் பக்கம் எல்லோரும் சொல்லுவார்கள். ஒரே வாக்கியம். ஆகமத்தை எடுத்துவைத்து அவர் மணிக்கணக்கில் வாதாடியிருக்கலாம், செய்யவில்லை. கேட்டவரை ஏசவும் இல்லை. பிறகு அவர் செய்தது என்ன? சாதி பேதமும் மதப் பகையும் இல்லாமல் எல்லோரும் சகோதரராக வாழும் மாதிரி இடம் இது என்ற கருத்தை அங்கே எழுதிவைத்தார். கேள்வி கேட்டவர்களின் பெயர் இன்று யாருக்கும் தெரியாது. அந்த வாசகம் எல்லோருக்கும் தெரியும்.

நாஞ்சில் நாட்டு இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றியும் ஒரு கதை உண்டு. 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டியவர் அவர். அவதானத்தில் கேள்வி கேட்பவர்கள் இடறிவிடவே கேட்பார்கள். அது விதிக்கு உட்பட்டது. ஆனால் ஒருவர், முஸ்லிமான பாவலரைச் சங்கடப்படுத்துவதற்கென்றே, துருக்கனுக்கு ராமன் துணை என்ற பொருளில் முடியும்படி ஒரு வெண்பாப் பாடச் சொன்னாராம். பாவலர் கோபப்படவில்லை. ராமனின் தம்பி ‘சத்துருக்கன்’ பெயருக்குள் அந்தச் சொல்லை ஒளித்துவைத்துப் பாடி முடித்துவிட்டார். சபை ஆர்ப்பரித்தது. இந்தக் கதையை நாம் சாதுரியத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். எனக்கு இப்போது வேறொன்று தெரிகிறது. அவர் ஒரு முறைதான் பதில் சொன்னார். பிறகு அடுத்த அவதானத்துக்குப் போய்விட்டார்.

இப்படி முடிக்கத் தெரியாததற்கும் நம்மிடம் பெரிய உதாரணம் இருக்கிறது. 1867இல் வள்ளலாரின் திருவருட்பா அச்சில் வந்த பின், ஆறுமுக நாவலர் தரப்பு அதைப் ‘போலியருட்பா’ என்று மறுத்தது. கண்டனம், கண்டனத்துக்குக் கண்டனம், அதற்கும் மறுப்பு என்று துண்டு நூல்கள் குவிந்தன. வள்ளலார் 1874இல் சித்தியடைந்தார். நாவலர் 1879இல் காலமானார். இருவரும் போன பிறகும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை அடுத்த தலைமுறை சண்டையைத் தொடர்ந்தது. நம் பாவலரும் அருட்பா பக்கம் நின்று வாதிட்டவர்தான். தொடக்கத்தில் உண்மையான கேள்வி ஒன்று இருந்தது: இக்காலத்தவர் பாடிய பாட்டைத் திருமுறை என்று சொல்லலாமா? அது போகப் போக வசைக்கு அடியில் காணாமல் போயிற்று. எத்தனை பெரிய அறிஞர்கள், எத்தனை வருஷங்கள்! இன்று அருட்பா ஓதுகிறவர்களுக்கு அந்தக் கண்டன நூல்களில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

யாரை வெளியேற்றுகிறோம்?

இதெல்லாம் சரி, எல்லை மீறுகிறவனை வெளியே அனுப்ப வேண்டாமா என்று கேட்பீர்கள். அனுப்பத்தான் வேண்டும். ஆனால் இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. அதற்கும் நெய்யாற்றின்கரையிலேயே சரித்திரம் இருக்கிறது.

1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்த ராமகிருஷ்ண பிள்ளை, வக்கம் மௌலவி நடத்திய ‘சுவதேசாபிமானி’ பத்திரிகையின் ஆசிரியர். திவான் ராஜகோபாலாச்சாரியையும் அரண்மனைச் செல்வாக்குக்காரர்களையும் கடுமையாக எழுதினார். ஊழலை மட்டுமல்ல, திவானின் சொந்த ஒழுக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. 1910 செப்டம்பர் 26இல் அச்சகத்தைப் பறிமுதல் செய்து அவரை நாடு கடத்தினார்கள். மறுபடி திருவிதாங்கூர் மண்ணை மிதிக்காமலே 1916இல் கண்ணூரில் இறந்தார். இன்று அவருக்கு வீரர் என்று பெயர். அது நியாயமான பெயர்தான்.

ஆனால் அதே 1910இல், புலயர் குழந்தைகளையும் மற்றக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் சேர்க்க அரசு உத்தரவிட்டபோது, அதை எதிர்த்து அவர் எழுதியது என்ன? குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதாகும் என்று எழுதினார். வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி எந்தக் குழந்தைகளின் படிப்புக்காகப் போராடினாரோ அந்தக் குழந்தைகளைப் பற்றிய பேச்சு இது. இதற்காக அவரை யாரும் நாடு கடத்தவில்லை. திவானைச் சொன்னதற்குத்தான் கடத்தினார்கள்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மேலே இருப்பவரைச் சுட்ட சொல் உடனே குற்றமாகிவிட்டது. கீழே இருப்பவரைச் சுட்ட சொல் கருத்து என்று கடந்து போய்விட்டது. நம் காலத்திலும் இது தீரவில்லை. எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே சிறை என்று சொன்ன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் அதே தீர்ப்பில் போயிற்று. 2020 நவம்பரில், அவதூறு எழுதினால் 3 ஆண்டுவரை சிறை என்று 118ஏ என்ற புதுப் பிரிவைக் கேரள அரசு அவசரச் சட்டமாகக் கொண்டுவந்தது. பெண்களை இழிவுபடுத்துவதைத் தடுக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். பத்திரிகைகளுக்கும் இதே கதிதான் என்று எதிர்ப்பு கிளம்ப, சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். காரணம் நல்லதாகவே இருக்கட்டும். கருவி யார் கையில் போகும் என்பதே கேள்வி.

நம் சங்கத்துக்கு வருகிறேன். இந்தச் சம்பவத்துக்கு இரண்டு மாதம் முன்னால், பொங்கல் விழாக் கணக்கு என்னாச்சு என்று ஒருவர் குழுவில் கேட்டார். காரமாகத்தான் கேட்டார். ஒரு மணி நேரத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கினோம். நீக்கலாம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். ஆனால் ஒரு கிழவியின் பேச்சைக் கிண்டல் செய்தபோது, “விட்டுத்தள்ளுங்க, தமாஷ்தானே” என்றோம். திவானின் சபைக்கும் நம் சபைக்கும் என்ன வித்தியாசம்?

என்ன செய்யலாம்?

நிர்வாகக் குழுவுக்கு நான் எழுத்தில் கொடுத்த யோசனைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழுவில் சேரும்போதே ஆலுவா வாசகம்போல இரண்டு வரி எழுதிவைப்போம். கேட்பது கணக்கானாலும் கருத்தானாலும், கேள்வி விஷயத்தைப் பற்றியது என்றால், எவ்வளவு காரமானாலும் பதில் சொல்வோம். ஒருவருடைய பேச்சு, ஊர், சாதி, உடம்பு, குடும்பம் இவற்றைத் தொட்டால் தனியே ஒரு முறை எச்சரிப்போம். மறுமுறை, அவர் எவ்வளவு பெரிய நன்கொடையாளர் என்றாலும், நீக்குவோம். உறுப்பினர் போடும் செய்திக்கெல்லாம் குழு நடத்துபவர் மேல் வழக்கு வருமோ என்று செயலாளர் பயந்தார். குழுவை நடத்துகிறார் என்பதற்காக மட்டும் அவரைப் பொறுப்பாளியாக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆகவே பயத்தில் யாரையும் நீக்க வேண்டாம். கணக்குக் கேட்டவரைத் திரும்ப அழைக்க வேண்டும் என்பதும் என் யோசனைகளில் ஒன்று. அவர் இப்போது குழுவில் இருக்கிறார், கணக்கும் அச்சாகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வம்புக்காரனுக்கு ஒரு பதில் எழுதும் முன், அடிபட்டவருக்கு ஒரு வரி எழுத வேண்டும். இது எனக்குப் புத்தகத்திலிருந்து கிடைத்ததல்ல. அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போயிருந்தேன். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “அங்கிள், அவருக்கு நீங்க எழுதினதெல்லாம் படிச்சேன். எல்லாம் நல்லாத்தான் இருந்தது. எனக்கு ஒரு வரிகூட நீங்க எழுதலையே” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உள்ளேயிருந்து பாட்டி, “ஆருடே அது, நம்ம ஊர் ஆளா?” என்று கேட்டார்கள். போய்க் காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

அந்தக் கதை, பாட்டி பேசினது பேசினபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் இந்த மலரில் அச்சாகிறது. எழுதிக் கொடுத்தவள் பேத்திதான். வாசகர்கள் அதைப் படிக்க வேண்டும். படித்துவிட்டு அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.